மூளைக்கும் ஒரு கரை உண்டு!

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை. வெண்ணாறு கரை தொட்டு ஓடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு ஊரே டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாகக் கரையில் நிற்கும். எதைத் தேடி? நண்டு வளை! கட்டை விரல் நுழைகிற ஓட்டைதான். அதில் தண்ணி கசிய ஆரம்பிச்சா போச்சு. கொஞ்ச நேரத்தில் ஆள் நுழைகிற ஓட்டை, அப்புறம் உடைப்பு, விடிஞ்சா சம்பாப் பயிர் மொத்தமும் தண்ணிக்குள்ளே.

உங்கள் தலைக்குள்ளேயும் இப்படி ஒரு கரை இருக்கிறது. அதிலும் வளை தோண்டுகிற நண்டு ஒன்று உண்டு. அது காசநோய்க் கிருமி!

'டி.பி.யா? அது நுரையீரல்ல வர்றதாச்சே... சினிமாவுல ஹீரோயின் இருமி இருமி கர்ச்சீப்ல ரத்தத்தைப் பார்ப்பாங்களே, அதுதானே?' என்கிறீர்களா? அதேதான். ஆனால் அந்தக் கிருமிக்கு நுரையீரல்தான் நிரந்தர முகவரி என்று யார் சொன்னது? ரத்தத்தில் ஏறினால் எலும்புக்குப் போகும், கிட்னிக்குப் போகும், கழுத்துக் கட்டியாக உட்காரும். டி.பி. வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர், சில இடங்களில் அதற்குக் கொஞ்சம் மேல், மூளைக்காய்ச்சல் வகையில் மாட்டுகிறார்கள். ஒண்ணே ஒண்ணுதானே என்று விட்டுவிட முடியாது. 2019-ம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் பெரியவர்களில் சுமார் 1,64,000 பேருக்கு இது வந்தது, அதில் சுமார் 78,000 பேர் இறந்துபோனார்கள் என்பது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. உலக டி.பி. நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருத்தர் நம்ம நாட்டுக்காரர் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கரையைப் பார்ப்போம்.

1885-ல் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற விஞ்ஞானி, விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தை ஏற்றிப் பார்த்தார். ஈரல், கிட்னி, தசை எல்லாம் கலர் ஏறிடுச்சு. மூளை மட்டும் வெள்ளை வெளேர்! மூளைக்கு இந்தச் சாயம் பிடிக்கலை போலிருக்கு என்று நினைத்துக்கொண்டு அவர் அதோடு விட்டுவிட்டார். பெரிய ஆட்கள்கூட விடைக்குப் பக்கத்தில் வந்துட்டு டீ குடிக்கப் போயிடறாங்க பாருங்க. அவருடைய சிஷ்யர் எட்வின் கோல்டுமேன் 1913-ல் அதையே திருப்பிப் போட்டார். சாயத்தை ரத்தத்தில் விடாமல், மூளையைச் சுற்றியிருக்கிற தண்ணீரில் விட்டார். இப்போது மூளை மட்டும் நீலம், மற்ற உடம்பில் ஒரு பொட்டுகூட இல்லை. ஆக, இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு தடுப்பு! அது எங்கே இருக்கிறது என்று எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தெளிவாகக் காட்டியது 1967-ல்தான்.

மூளைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களை எல்லாம் ஒன்றாக நீட்டிப் பிடித்தால் சுமார் 600 கிலோமீட்டர் வரும். நம்ம காவிரியே குடகிலிருந்து பூம்புகார் வரை 800 சொச்சம்தான்! இந்தக் குழாய்களின் உள்சுவரில் இருக்கும் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். க்ளாடின், ஆக்லூடின் என்று சில புரதங்கள்தான் அந்த ஒட்டுக்கு சிமென்ட். வெளிப்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு. அதற்கும் வெளியே ஆஸ்ட்ரோசைட் என்ற செல்கள் பாதத்தைப் பரப்பி வைத்து அணைத்துப் பிடித்திருக்கும். மொத்தத்துக்கும் பெயர் ரத்த-மூளைத் தடுப்பு.

முழுசா அடைச்சுட்டா மூளை பட்டினி கிடக்குமே? அதற்குத்தான் மதகு. குளுக்கோஸுக்குத் தனி மதகு, அமினோ அமிலத்துக்குத் தனி மதகு. ஆக்ஸிஜன் தானாகவே உள்ளே போகும். காபியில் இருக்கிற காஃபீனும் அப்படித்தான், யாரையும் கேட்காமல் நுழைந்துவிடும். எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி கும்பகோணம் டிகிரி காபி வேலை செய்யறதே அதனால்தான். சரக்கும் அதே ரூட்டில்தான் போகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை! வேண்டாதது உள்ளே வந்துவிட்டால் திருப்பி வெளியே இறைத்துத் தள்ளுகிற பம்ப்செட்கூட அந்தச் சுவரில் உண்டு. ஷட்டர் ஏத்தி இறக்குற லஸ்கர் மாதிரி இருபத்துநாலு மணி நேரமும் டியூட்டி.

கும்பகோணம் என்றதும் ஒருத்தர் ஞாபகத்துக்கு வரணுமே... ராமானுஜன்! சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்து, அங்கே இருக்கிற அரசு கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்ட அதே ராமானுஜன். இங்கிலாந்தில் 1917-ல் படுத்தவருக்கு டாக்டர்கள் டி.பி. என்று சொன்னார்கள். அங்கே அவரைச் சேர்த்த சானடோரியங்களில் ஒன்றை நடத்தியவர் சௌரி முத்து என்ற நம்ம ஊர் டாக்டர். பின்னாளில், 1928-ல், தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியவர் அவர்தான். எலெக்ட்ரிக் ட்ரெயினில் போகும்போது 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அதன் பூர்வகதை இது.

1919 மார்ச்சில் ராமானுஜன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாறி, கடைசியில் சென்னை சேத்துப்பட்டில் 1920 ஏப்ரல் 26-ல் இறந்தபோது வயசு 32. ஆனால் அந்த ஜனவரியில்கூட ஹார்டிக்குக் கடிதம் எழுதி, 'மாக் தீட்டா' சார்புகள் என்று உலகம் அதுவரை பார்க்காத ஒரு கணக்கைச் சொல்கிறார். உடம்பு கரைந்துகொண்டே இருந்தும் மூளை தெளிவாகவே இருந்தது. அவருக்கு வந்தது டி.பி.யே இல்லை, ஈரலைத் தாக்கும் அமீபியாசிஸ் என்று 1994-ல் யங் என்பவர் வாதாடினார். அது எதுவோ இருக்கட்டும். மூளையைத் தொடுகிற டி.பி.யாக இருந்திருந்தால், அந்தக் கடைசி நோட்டுப் பக்கங்கள் நமக்குக் கிடைத்திருக்காது.

சரி, நண்டு எப்படி வளை தோண்டுகிறது?

யாரோ பஸ்ஸில் இருமுகிறார். கண்ணுக்குத் தெரியாத துளிகளில் கிருமி உங்கள் நுரையீரலுக்குப் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு அங்கேயே கதை முடிந்துவிடும். உடம்பு அதைச் சுற்றி வளைத்துப் பூட்டிவிடும், ஆயுசு பூராவும் நோயே வராது. சிலருக்கு மட்டும் பூட்டு சரியாக விழாது. சின்னக் குழந்தைகள், சத்தில்லாதவர்கள், சர்க்கரை நோயாளிகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள். அவர்களுக்குக் கிருமி ரத்தத்தில் ஏறுகிறது. தடுப்பைத் தாண்டுவதற்கு அதற்கு இரண்டு வழி இருப்பதாக விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். ஒன்று, வெள்ளை அணுவின் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டு உள்ளே போவது. போலீஸ் ஜீப்பில் திருடன் ஏறி வருகிற மாதிரி! இன்னொன்று, தானே நேராகச் சுவர்ச் செல்லுக்குள் புகுந்து மறுபக்கம் வருவது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சஞ்சய் ஜெயினும் அவர் குழுவும் மனித மூளைக் குழாய்ச் செல்களைத் தட்டில் வளர்த்து, யார் துணையும் இல்லாமல் கிருமி தனியாகவே கடந்துபோவதை 2006-ல் காட்டினார்கள்.

உள்ளே போனதும் உடனே ரகளை செய்யாது. மூளைக்குள்ளோ, அதைப் போர்த்திய சவ்வுக்கு அடியிலோ கடுகு மாதிரி ஒரு முடிச்சாக உட்கார்ந்திருக்கும். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் ரிச், மெக்கார்டாக் என்ற இருவர், 1933-ல். மாதமோ வருஷமோ கழித்து அந்த முடிச்சு உடைந்து, மூளையைச் சுற்றிய தண்ணீரில் கிருமி கொட்டும்போதுதான் காய்ச்சல் ஆரம்பம்.

இனிமேல்தான் வேதனையான பகுதி. கரையை உடைப்பது கிருமி மட்டும் இல்லை. அதை விரட்ட வருகிற நம்ம ஆட்களும்தான்! வெள்ளை அணுக்கள் டி.என்.எஃப். என்ற அபாயச் சங்கை ஊதுகின்றன. எம்.எம்.பி. என்ற நொதிகளைக் கொட்டுகின்றன. இவை கத்தரிக்கோல் மாதிரி. படை உள்ளே போக வழி வெட்டுகிறேன் என்று, குழாயைத் தாங்குகிற சவ்வையே வெட்டிவிடும். வி.இ.ஜி.எஃப். என்ற இன்னொன்று குழாய்ச் சுவரை ஒழுக விடுகிறது. செல்களை ஒட்டியிருந்த சிமென்ட் பெயர்கிறது. அப்புறம் என்ன, உடைப்புதான். ரத்தத்தின் தண்ணியும் புரதமும் மூளைக்குள் கசிந்து மூளை வீங்குகிறது. மண்டை ஓடு என்ன பலூனா, விரிந்து கொடுக்க? மூளையின் அடிப்பகுதியில் கூழ் மாதிரி கெட்டியான கசிவு தேங்கும். அது வடிகாலை அடைத்தால் உள்ளே நீர் கோர்த்துக்கொள்ளும். ரத்தக் குழாயை நெரித்தால் இருபது வயசுப் பையனுக்கு பக்கவாதம் வரும். கண்ணை அசைக்கிற நரம்பைப் பிடித்தால் எதைப் பார்த்தாலும் ரெண்டு ரெண்டாகத் தெரியும்.

இதெல்லாம் ஒரே ராத்திரியில் நடப்பதில்லை. வயிற்றுப்போக்குக் கிருமி இருபது நிமிஷத்தில் ரெட்டிப்பாகும் என்றால், டி.பி. கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். ஆமை வேகம். அந்த வேகம்தான் ஆளை ஏமாற்றுகிறது.

எப்படின்னு கேளுங்க. உங்க ரூம்மேட்னு வெச்சுக்கங்க. ரெண்டு வாரமா சாயங்காலம் ஆனா லேசா ஜுரம். தலைவலி. மெஸ்ல பாதி சாப்பாட்டுல எழுந்துடறான். பேன்ட் லூஸாகுது. நீங்க 'மச்சான், லவ் மேட்டரா?'ன்னு கலாய்க்கறீங்க. மெடிக்கல் ஷாப்ல ஒரு பாராசிட்டமால், மறுநாள் இன்னொண்ணு. மூணாவது வாரம், எப்பவும் சிரிச்சுக்கிட்டு இருக்கறவன் எரிஞ்சு விழறான், காலையில வாந்தி எடுக்கறான், சொன்னதையே திரும்பச் சொல்றான். ஊர்லேருந்து வந்த பெரியம்மா 'புள்ளைக்கு என்னமோ புடிச்சிருக்கு, மந்திரிச்சுட்டு வரலாம்'னு கூட்டிட்டுப் போறாங்க. நாலாவது வாரம் கழுத்தை மடக்க முடியலை. அப்புறம் ஃபிட்ஸ். அப்பதான் ஆம்புலன்ஸ்.

இதில் இருமலே வரவில்லை, கவனித்தீர்களா? பல பேருக்கு வராது. நெஞ்சு எக்ஸ்ரேகூடப் பாதிப் பேருக்கு சுத்தமாக இருக்கும். அதனால் 'டி.பி. எல்லாம் இருக்காது சார்' என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். ஆகவே கணக்கு இதுதான்... வாரக்கணக்கில் விடாத தலைவலி, கூடவே ஜுரம், அதோடு வாந்தியோ ஆளே மாறிப்போன மாதிரி நடத்தையோ இருந்தால் மெடிக்கல் ஷாப் போதாது. நேரே பெரிய ஆஸ்பத்திரி. தஞ்சை மாவட்டத்தில் என்றால் மெடிக்கல் காலேஜ்.

ஏன் இவ்வளவு அவசரம்? சென்னையில் கிடைத்த பாடம் ஒன்று சொல்கிறேன். ராமானுஜன் உயிர் விட்ட அதே சேத்துப்பட்டில்தான் டி.பி. ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1956-ல் ஆரம்பித்தது. நோயாளியை சானடோரியத்தில் அடைக்க வேண்டாம், வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகிறது என்று 1959-ல் சொல்லி உலகத்தையே மாற்றிய இடம். (காலேஜ் பாடத்தில் ஏன் இதைச் சொல்வதே இல்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்!) அவர்கள் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மூளை டி.பி. வந்த 180 குழந்தைகளுக்கு ஒரு வருஷம் சிகிச்சை கொடுத்துப் பார்த்த விவரம் இருக்கிறது. 27 சதவிகிதம் பேர் இறந்துவிட்டார்கள். 39 சதவிகிதம் பேர் பிழைத்தும் ஏதாவது ஒரு நரம்புக் குறையோடு நின்றார்கள். முழுசாகக் குணமானது 34 சதவிகிதம். யார் பிழைப்பார்கள் என்பதை அதிகம் தீர்மானித்தது எந்த மருந்து என்பதல்ல, எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தார்கள் என்பது! நினைவோடு நடந்து வந்தவர்களுக்கும் மயக்கத்தில் தூக்கி வரப்பட்டவர்களுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாலும் இன்னொரு தடங்கல் உண்டு. டாக்டர் முதுகுத்தண்டில் ஊசி போட்டுத் தண்ணி எடுக்கணும் என்பார். உடனே சொந்தபந்தம் கூடி 'ஐயய்யோ, கால் விளங்காமப் போயிடும்' என்று கையெழுத்துப் போட மாட்டார்கள். பாஸ், உங்களில் பயாலஜி படித்தவர்கள் அந்த இடத்தில் வாயைத் திறக்கணும். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போகிறது அதற்கும் கீழே, வெறும் தண்ணிக்குள் நரம்பு இழைகள் மிதக்கிற இடத்தில். அந்த நாலு மில்லி தண்ணியில்தான் எல்லா ரகசியமும் இருக்கிறது. சர்க்கரை குறைந்து, புரதம் ஏறி, வெள்ளை அணு கூடியிருக்கும். புரதம் ஏன் ஏறுகிறது? கரை உடைந்து ரத்தத்திலிருந்து கசிந்ததுதான்! சில சமயம் அதை அசைக்காமல் வைத்தால் மேலே சிலந்தி வலை மாதிரி ஆடை கட்டும். ஜீன் எக்ஸ்பர்ட் என்ற மெஷினில் வைத்தால் சில மணி நேரத்தில் கிருமியின் மரபணு தெரிந்துவிடலாம். தெரியவில்லை என்றாலும் சந்தேகம் பலமாக இருந்தால் டாக்டர்கள் காத்திருக்காமல் மாத்திரையை ஆரம்பித்துவிடுவார்கள். தண்ணியில் கிருமி சொற்பம், கண்ணில் படாமல் தப்பிப்பது சகஜம்.

மருந்திலும் அந்தக் கரை விளையாடுகிறது. ஐஸோநியாசிட், பைரஸினமைட் இரண்டும் தடுப்பைச் சுலபமாகத் தாண்டும். டி.பி.க்கு முக்கிய ஆயுதமான ரிஃபாம்பிசின் கொஞ்சம்தான் தாண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் இன்னும் மோசம், கரை வீங்கி ஒழுகும்போது மட்டும்தான் ஓரளவு உள்ளே போகும். ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முன்னால், 1940-கள் வரைக்கும், இந்த நோய் வந்தால் கிட்டத்தட்ட எல்லோருமே இறந்தார்கள். அது வந்த புதிதில் முதுகுத்தண்டுக்குள்ளேயே நேராக ஊசி போட்டதும் இந்தக் காரணத்தால்தான். நுரையீரல் டி.பி.க்கு ஆறு மாசம் என்றால், மூளை டி.பி.க்குப் பெரியவர்களுக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாசம்.

கூடவே ஸ்டீராய்டு. கிருமியைக் கொல்ல அல்ல, வீக்கத்தை அடக்கிக் கரையை மூட. மணல் மூட்டை மாதிரி! வியட்நாமில் 545 பேரிடம் செய்த சோதனை 2004-ல் வந்தது. மருந்தோடு டெக்ஸாமெத்தசோன் சேர்த்தவர்களில் இறப்பு சுமார் 32 சதவிகிதம், சேர்க்காதவர்களில் 41. உயிர் காப்பாற்றியது உண்மை. ஆனால் ஊனத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் செய்து 2023-ல் வெளியான சோதனையில் தெளிவான பலனும் தெரியவில்லை.

ஏன் ஒருத்தருக்குப் பலன், ஒருத்தருக்கு இல்லை? இங்கே இன்னொரு பெயர் வருகிறது. சிதம்பரத்தில் பிறந்து 2009-ல் நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணனைத் தெரியும். அவருடைய தங்கை லலிதா ராமகிருஷ்ணனைத் தெரியுமா? டி.பி. ஆராய்ச்சியில் உலக அளவில் பெரிய கை. ஸீப்ரா மீன் குஞ்சுகளின் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே கிருமியும் வெள்ளை அணுவும் அடித்துக்கொள்வதை அப்படியே பார்க்கலாம். அதைப் பார்த்து அவர் குழு 2010-லும் 2012-லும் சொன்னது: அழற்சி குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. நம்ம டெல்டாக்காரனுக்கு இது புதுசா என்ன? தண்ணி வரலைன்னா பயிர் காயும், அளவுக்கு மேல வந்தா அழுகும். ஒரு மரபணுவின் வகையைப் பொறுத்து யாருக்கு ஸ்டீராய்டு உதவும் என்று பிரிக்கலாம் என்றும் வியட்நாம் நோயாளிகளை வைத்துக் காட்டினார்கள். ஆனால் இந்தோனேஷியாவில் பார்த்தபோது அதே முடிவு வரவில்லை. விவகாரம் இன்னும் தீரவில்லை. ரிசர்ச் பண்ண ஆசைப்படுகிறவர்களுக்கு சீட் காலி!

உங்கள் தோளில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறதா, பாருங்கள். பி.சி.ஜி. ஊசி. 1968-ல் செங்கல்பட்டு பகுதியில் ஆரம்பித்த பிரமாண்ட சோதனையில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவில்லை என்று தெரிந்து எல்லோரும் நொந்துபோனார்கள். 'அப்புறம் எதுக்குப் போடறாங்க?' என்றால், பச்சைக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வகை வராமல் பெருமளவு காப்பாற்றுவது அதுதான். அந்தக் காவல் காலேஜ் வயசு வரைக்கும் அப்படியே நிற்கும் என்று நம்பி உட்கார முடியாது.

ரூம்மேட் கதைக்கு வருவோம். அவன் திரும்பி ஹாஸ்டலுக்கு வந்தால் அவன் தட்டைத் தனியாக வைக்காதீர்கள். மூளையில் இருக்கிற டி.பி. யாருக்கும் ஒட்டாது. நுரையீரலிலும் இருந்தால்தான் மற்றவர்களுக்குப் பரவும், அதுவும் சரியான மாத்திரை ஆரம்பித்தால் சில வாரங்களில் அடங்கிவிடும். மாத்திரை அரசாங்கத்தில் இலவசம். சத்துணவுக்கு மாசம் 500 ரூபாய் கொடுத்துவந்ததை 2024 நவம்பரில் இருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள். மூணாவது மாசம் உடம்பு தேறி, 'இனிமே எதுக்கு மாத்திரை?' என்று டப்பாவைத் தூக்கிப் போடப் பார்ப்பான். அப்போது நீங்கள் லஸ்கர். அப்புறம், பாத்ரூமிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்து 'மச்சி, ஆரஞ்சு கலர்ல போகுதுடா!' என்றால் பயப்படாதீர்கள். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் அப்படித்தான் போகும்.